ஈர ஓட்டு

மூன்று மாதமாக ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றுப் பக்கம் ஒரு துளி மழை இல்லை. ஆட்டைத் தட்டினால் புழுதி பறந்தது. அப்படியும் ஆட்டுக் கம்பளி கத்தரிக்கும் ஐந்து பேரும் 'ஈரம்' என்றே ஓட்டுப் போட்டார்கள்.

போன வாரம் வரை இவர்கள் கத்தரித்துப் போட்ட கம்பளியைக் கூட்டிப் பொறுக்கியவள் நான். இன்றிலிருந்து இந்தக் கொட்டகைக்கு நான்தான் மேற்பார்வையாளர். ஐவருக்கும் என் அப்பா வயது.

ஈர ஆட்டைக் கத்தரித்தால் கத்தரிக்கிறவர் உடம்புக்கு ஆகாது. அதனால் ஆளுக்கு இரண்டு ஆடு கத்தரித்துப் பார்த்துவிட்டுத் தொப்பிக்குள் சீட்டுப் போடுவது எங்கள் வழக்கம். ஈரம் ஜெயித்தால் வேலை நிற்கும். முதலாளியே வந்தாலும் மாற்ற முடியாது.

"இதுல எங்கய்யா ஈரம்?" என்று கத்தினேன்.

ஐவரில் ஒருவரான டட்லி, கத்தரிக்கும் மிஷினைக் கொக்கியில் மாட்டிவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தார். "கத்தாத பாப்பா. ஓட்டு ஓட்டுதான். மத்தியானம் வந்து நல்லபடியா கேளு, காஞ்சிருச்சான்னு பாக்கலாம். இப்பப் போயி டீ போட்டுக் கொண்டா."

மற்ற நால்வரும் சிரித்தார்கள்.

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நேராகப் பட்டிக்குப் போய்க் கதவைத் திறந்துவிட்டேன். அத்தனை ஆடுகளும் மேய்ச்சல் வெளிக்குப் பிய்த்துக்கொண்டு ஓடின.

டட்லி பதறி ஓடி வந்தார். "அடிப்பாவி! அதுங்கள மடக்கிக் கொண்டாற ரெண்டு நாள் ஆகுமே! ஆடு கத்தரிச்சாத்தானே எங்களுக்குக் கூலி!"

"ஈர ஆடு வெயில்ல காய வேணாமா?" என்றேன். "ஓட்டு ஓட்டுதான், டட்லி. டீய நீங்களே போட்டுக்குங்க."