கந்தகம் படாத ஐந்து மீட்டர்

1.
கூலிக்கு நான் எழுதிய ஒரு வரியிலிருந்து வந்த கதை இது: ‘ஐந்தாண்டு வெயிலுக்கும் அசையாது.’ கோபாலசாமி விற்கும் பசுமைக்குடில் ஷீட்டின் உத்தரவாத அட்டை. வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்காமலிருக்க யூவி மருந்து கலப்பார்கள். அவர் ஆலையில் இரண்டு மூட்டை போக வேண்டிய இடத்தில் அரை மூட்டை போவதை நானே பார்த்தேன். பார்த்த பிறகும்

[எழுதினேன். வியாபாரி வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் பொய்க்கும் பேரம் உண்டு.]

2.
‘தொண்டாமுத்தூரில் ஒரு பொன்மாலை…’ அடித்துவிட்டேன். வெள்ளரி போடும் பொற்கொடி கோபாலசாமியிடம் வாங்கிய ஷீட் பட்டப்பகலில் கிழிந்தது, பதினாலாவது மாதம். உள்ளே வெள்ளரி பிஞ்சு விட்டிருந்தது. மழைக்குள் புது ஷீட் வராவிட்டால் அந்தப் போகமே போச்சு.

3.
தன் கடையில், என் எதிரிலேயே, கோபாலசாமி அவரிடம் கேட்டார்: “கந்தகம் அடிச்சீங்களா அம்மணி?”

“வெள்ளரி எலையில சாம்பல் நோய்க்கு அடிச்சனுங்க.”

“அப்புறமென்னுங்க! யூவி மருந்தைக் கந்தகம் தின்னுபோடும். அட்டையிலயே இருக்குதுங்களே.”

இருக்கிறது, எறும்பு மட்டும் படிக்கும் எழுத்தில். உண்மையும்கூட. நல்ல பொய்க்கு ஓர் உண்மையை வாடகைக்குப் பிடிப்பதுதான் என் தொழில்.

பொற்கொடி பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்தார். அப்பளம்போல் நொறுங்கியது.

“நீங்க கொசுறாக் குடுத்த அஞ்சு மீட்டருங்க. ஆட்டுப்பட்டி மேல கெடந்துச்சு. என்ற ஆட்டுக்குச் சாம்பல் நோய் வந்து கந்தகம் அடிச்சனுங்களா?”

(அடிக்குறிப்பு: பேரம் படிந்தால் ஐந்து மீட்டர் சும்மா கிழித்துத் தருவது கோபாலசாமியின் வழக்கம். மருந்தில் கஞ்சத்தனம் செய்தவர் கொசுறில் வள்ளலா, பாத்திரம் முரண்படுகிறதே என்காதீர்கள். கொசுறு கண்ணுக்குத் தெரியும், மருந்து தெரியாது.)

கோபாலசாமி சிரித்தார். “ஆட்டு மூத்திரத்துக்கும் கேரண்டி இல்லீங்க அம்மணி.”

படியிறங்கும்போது, பார்த்த அரை மூட்டையைப் பொற்கொடியிடம் சொல்லிவிட்டேன்.

4.
முடிவு அ: கோபாலசாமி வெட்கப்பட்டுப் புது ரோல் தருகிறார். நம்பினீர்களானால் உங்களுக்கும் ஒரு ஷீட் விற்கலாம்.

முடிவு ஆ: நுகர்வோர் கோர்ட். சாட்சிக்கு ஆலையில் மிஷின் ஓட்டும் நிஜாமை அனுப்பப் பார்த்தேன். அவன் வேலை போய்விடும். ஒவ்வொரு முறையும் ஏழையின் தலையில்தானா கதையை முடிப்பது? சீ.

5.
இதை எழுதும்போதே பொற்கொடி போனில்.

“ஏனுங்க, பாத்ததைக் கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா?”

“யோசிச்சு…”

“எத்தன நாளைக்குங்க? மேக்கால மேகம் கட்டிருச்சு.”

இங்கே அவரை அழவிட்டால் கதை எனக்குச் சுலபம். அவர் அழவில்லை, காத்திருக்கிறார். ‘வாரேனுங்க’ என்று எழுதிவிடலாம், காசா பணமா? கோர்ட்டில் வாயால் சொன்னால் நாளை எந்தக் கம்பெனியும் எனக்கு அட்டை எழுதத் தராது.

இவ்வளவு நேரம் கோபாலசாமி மேல் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தீர்களே, இந்தாருங்கள் போன். பொற்கொடி லைனில்தான் இருக்கிறார். நீங்கள் பேசுங்கள்.