உளியால் அறுத்த பலகை

மணி நாலு பத்து. ஐந்து மணிக்குள் பேராசிரியர் மெய்யநாதன் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் நாகவல்லியின் ஆய்வேடு திங்கட்கிழமை மதுரைக்குப் போகும். தவறினால் அடுத்த வாய்ப்பு 1972இல்தான். அதுவரை கல்யாணப் பேச்சை அண்ணனால் தள்ளிப்போட முடியாது.

பேராசிரியரின் மேசைமேல் இருநூற்றுப் பதினான்கு அட்டைகள் இருந்தன. சைவ தத்துவ நூல் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. விளிம்பில் வரிசையாகத் துளைகள். தச்சுப் பட்டறையில் அண்ணன் அரசப்பன் அடுக்கை இறுக்கிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தவை. ஒரு துளைக்கு ஓர் உவமை. நூலில் அந்த உவமை இருந்தால் துளையை விளிம்புவரை வெட்டிவிடுவாள். அடுக்கு முழுவதும் ஒரே துளையில் நீண்ட ஊசியைக் கோத்துத் தூக்கினால் வெட்டிய அட்டைகள் மட்டும் கீழே விழும். யார் யாரைப் படித்தார்கள் என்று அப்படித் தெரியவரும்.

“கடவுள் உலகத்தைப் படைக்கிறதுக்கு உவமையா எல்லாரும் மண்ணு, சக்கரம், குயவன்னுதான் சொல்லியிருக்காக. நீ தச்சனைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கே” என்றார் மெய்யநாதன். “உங்க ஆளுகளுக்கு ஒரு நாற்காலி போடலாம்னா?”

அவளுக்கு முகம் சுட்டது. சிங்கம்புணரியில் கிடைத்த பழைய ஓலை ஏடு ஒன்றில்தான் தச்சன் முதலில் வந்தான். எழுதியவர் பெயர் அதில் இல்லை.

“நாற்காலி செய்யிற ஆளு அதை எழுதலைங்கய்யா. ‘உளியால் அறுத்த பலகை’ன்னு இருக்கு. எங்க அண்ணன் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. ரம்பத்தாலதான் பலகை அறுப்பாக. உளி செதுக்குறதுக்கு.”

“சரி, தப்பு. அதுக்கென்ன?”

“சரியானதைத் தனித்தனியா நாலு பேரு எழுதிறலாம். இந்தத் தப்பை ஒருத்தர்கிட்ட வாங்கித்தான் எழுதணும்.”

அவர் ஊசியை எடுத்தார். “எந்தத் துளை?”

“பதினேழு.”

காலையில் ஓர் அட்டையை இரண்டு முறை உருவி, இரண்டு முறை திரும்பச் செருகியிருந்தாள். அவர் தூக்கினார். மூன்று அட்டைகள் உடனே விழுந்தன. நான்காவது சற்றே தொங்கி, பிறகு விழுந்தது. காலையில் அவள் உருவிச் செருகிய அட்டை; அவரே 1954இல் எழுதிய நூலுக்கு உரியது. பக்கம் அறுபத்தொன்று.

அலமாரியிலிருந்து அந்த நூலை எடுத்துப் பக்கத்தைப் பிரித்தார். நின்றபடியே படித்தார். மறுபடியும் படித்தார்.

“நான் எந்த ஏட்டையும் பாக்கலை” என்றார். “எங்க அப்பச்சி சொல்வாக. சாப்பிட உக்காந்தா இதையேதான் சொல்வாக. நான் அவுக சொந்தச் சரக்குன்னு நினைச்சிருந்தேன்.”

“அதையும் அட்டையில ஏத்தணும்லங்கய்யா.”

அவர் வெற்று அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, பேனாவைத் திறந்து, தன் தகப்பனார் பெயரை எழுதினார். மை காயும்வரை பிடித்திருந்து, சிங்கம்புணரி அட்டைக்கும் தன் அட்டைக்கும் நடுவே வைத்தார். திறந்த பேனாவாலேயே அவள் படிவத்தில் கையெழுத்திட்டார்.

மணி ஐந்தாக எட்டு நிமிடம். நாகவல்லி படிவத்தை வாங்கிக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. இருநூற்றுப் பதினைந்தாவது அட்டையையே பார்த்தாள்.

“உங்க அப்பச்சிக்கு யாருங்கய்யா சொன்னாக?”