இல்லாத பிரேக்

டிரைவிங் ஸ்கூல் கார்களில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பிரேக்கோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன் அவள் கணவன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் சரி, சினிமாவில் கார் துரத்தல் வந்தாலும் சரி, அவன் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

அவளும் ஒரு காலத்தில் அவனிடம் கார் ஓட்டக் கற்றவள்தான். லைசென்ஸ் வந்தது, கல்யாணமும் நடந்தது. அந்தக் கால் ஓய்ந்து மட்டும் அவள் பார்த்ததில்லை.

"ஒரு நாளாவது உங்க கால் சும்மா இருக்க, நான் வண்டி ஓட்டிடணும்" என்பாள்.

"அது கால் இல்லம்மா, பாசம்" என்பான்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவளுக்குச் சில மாதங்களாக ஞாயிறு என்றால் கம்ப்யூட்டர் கார் பந்தயம்தான். மேசை விளிம்பில் ஸ்டியரிங், கீழே பலகையில் திருகி வைத்த பெடல்கள். வெளிநாட்டில் இருக்கும் அவள் அக்கா ஏற்றிவிட்ட பைத்தியம் அது. அக்கா ஓட்டும் ஆன்லைன் லீகில் இரண்டிரண்டு பேராக அணி. அக்காவின் ஜோடி விலகிவிட, அந்த இடம் தங்கைக்காகக் காத்திருந்தது. ஆனால் சேர வேண்டுமென்றால் ஓட்டுநர் தேர்வில் தேற வேண்டும். பத்துச் சுற்று. வெள்ளைக் கோட்டைத் தாண்டக்கூடாது, யாரையும் இடிக்கக்கூடாது, பாதியில் காணாமல் போகக்கூடாது. தேர்வாளர் இன்னொரு காரில் கூடவே வந்து வேண்டுமென்றே வம்பு செய்வார். ஒருவருக்கு இரண்டே வாய்ப்பு. இன்று மாலையோடு சேர்க்கை முடிகிறது. தவறினால் அக்காவுக்கு வேறு ஜோடி.

முதல் வாய்ப்பில் ஏழாவது சுற்றுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. வளைவில் தேர்வாளரின் சிவப்புக் கார் திடீரென்று உள்பக்கம் மூக்கை நுழைத்தது.

"பாத்து!" என்றான், பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவன். கால் தன் வேலையைச் செய்தது. காலடியில் இருந்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்ச்.

டப். திரை இருண்டது.

மேசைமேல் ஸ்பீக்கரில் இருந்த போனில் அக்கா அலறினாள். "எங்கடி போன? வண்டி நடு ரோட்ல அப்படியே மாயமாயிடுச்சு!"

"உன் மாப்பிள்ள பிரேக் போட்டுட்டாருக்கா."

"எந்தப் பிரேக்க?"

"கரண்டோட பிரேக்க."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "ஏன் மாப்பிள்ள, ஊருக்கெல்லாம் ஓட்டக் கத்துக் குடுக்கறீங்க, எங்க வீட்டுப் பொண்ண மட்டும் நிறுத்தியே வெச்சிருக்கீங்களே!"

அவன் முகம் சுருங்கிவிட்டது. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துக் காலுக்கு எட்டாத அலமாரித் தட்டில் வைத்தான். எல்லாவற்றையும் திரும்ப இணைத்தான்.

"நான் வேணா வெளிய போய் நின்னுக்கட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். கட்டில்ல ஏறி உக்காருங்க." அவள் தன் துப்பட்டாவை எடுத்து அவன் இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துக் கட்டினாள். "சீட் பெல்ட்."

"இறுக்கமா இருக்கு."

"பாசம் அப்படி."

இரண்டாவது வாய்ப்பு தொடங்கியது. சிவப்புக் கார் முதல் சுற்றிலேயே உரசுவதுபோல் வந்தது. அவள் ஒதுங்கி வழிவிட்டாள். அடுத்து முதுகில் ஒட்டிக்கொண்டு விளக்கை விட்டு விட்டு அடித்தது. அவள் கண்டுகொள்ளவில்லை. ஏழாவது சுற்றின் அந்தப் பாழாய்ப்போன வளைவு வந்தபோது அவன் தலையணையைக் கடித்துக்கொண்டான். கார் கடந்தது. கரண்ட் இருந்தது.

ஒன்பதாவது சுற்று. நேர்ப்பாதையில் முன்னால் போன சிவப்புக் கார் பட்டென்று பிரேக் அடித்தது. கட்டிய கால்கள் இரண்டும் ஒன்றாக மெத்தையை உதைத்தன. அவள் பிரேக்கை அழுத்தவில்லை. 'போச்சு' என்று நினைத்தான். ஒரு இமைப்பொழுது பொறுத்துப் பிரேக் பெடலை மெல்லத் தொட்டாள். அதற்குள் சிவப்புக் காருக்கு வலப்பக்கம் ஒரு இடைவெளி திறந்திருந்தது. காலை எடுத்தாள், கோட்டைத் தொடாமல் அதில் நுழைந்து போய்க்கொண்டே இருந்தாள்.

தான் ஓட்டியிருந்தால் வண்டி அங்கேயே நின்றிருக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது. தலையணையைக் கீழே வைத்தான். கடைசிச் சுற்றில் அவன் கால் அசையவில்லை. அவன் திரையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தேறிட்டீங்க" என்றார் தேர்வாளர், அவள் காதிலிருந்த ஹெட்போனைத் தாண்டிக் கேட்கும் குரலில். "அந்த எடத்துல பயந்து போய் நிறுத்திடுவீங்கன்னு நெனச்சேன். முக்காவாசிப் பேர் அப்படித்தான்."

"எங்க வீட்ல அதுக்குத் தனியா ஆள் இருக்காருங்க" என்றாள்.

போனில் அக்கா விசிலடித்தாள். அவன் சந்தோஷத்தில் கட்டு இருப்பதை மறந்து துள்ளி எழ, நேராக அவள் மடியில் வந்து விழுந்தான். அவளுடைய சக்கரம் வைத்த நாற்காலி இருவரையும் சுமந்துகொண்டு சுவர்வரை உருண்டது.

"என்ன சத்தம்? இடிச்சுட்டீங்களா?" என்றாள் அக்கா.

"தேர்வு முடிஞ்சிடுச்சுக்கா, இனி இடிக்கலாம்."

கொண்டாட ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்று முடிவானது. கார்ச் சாவியை அவளே எடுத்தாள். அவன் பின்கதவைத் திறந்தான்.

"அங்க எதுக்கு?"

"எதுக்கு வம்பு? முன்னாடி உக்காந்தா கால் சொன்ன பேச்சு கேக்காது."

"முன்னாடி வாங்க."

வந்து உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றி, சம்மணமிட்டு, துப்பட்டாவை அவளிடம் நீட்டினான். அவள் அதை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

"கால இறக்கி வசதியா உக்காருங்க. எவ்வளவு வேணா அழுத்திக்கோங்க, அங்க ஒண்ணும் இல்ல."