பொம்பள வண்டி

"கதவைச் சாத்துடி! எவனாவது பாத்துத் தொலைக்கப் போறான்."

அவள் சாத்தினாள். பழைய வேட்டித் துணியை அவன் இடுப்பில் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். சட்டையை மேலே போட்டால் தெரியாது. ஒரே நடையில் இரண்டு மூட்டை தூக்குவதால் தானியக் கிடங்கில் அவனுக்கு 'ரெட்டை மூட்டை' என்று பெயர். இப்போது சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. என்ன பெருமையோ, போங்கள்!

"இன்னைக்காவது அந்த வண்டியில வச்சுத் தள்ளுங்களேன். உங்க கால்ல விழறேன்."

"நான் என்ன பொம்பளையா?"

முதலாளி வாங்கிப் போட்ட நாலு சக்கரப் பலகை வண்டி அது. வந்த அன்றே எவனோ அதன் கைப்பிடியில் ஒரு வளையலை மாட்டிவிட்டான். அதோடு சரி, எந்த ஆணும் தொடவில்லை. சிந்திய தானியத்தைக் கூட்டுகிற பெண்கள்தான் தள்ளினார்கள், அவளும் தள்ளினாள். ஒரு நடைக்கு நாலு மூட்டை. அவளுக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

அன்று மதியம் இரண்டாவது மூட்டை முதுகில் ஏறியதும் அவன் அப்படியே மடங்கி விழுந்தான். அவள் அலறிக்கொண்டு வண்டியைத் தள்ளி வந்தாள். மேஸ்திரி குறுக்கே வந்தார்.

"சீ, அவனைப் போய் இதுல ஏத்துறதா? நாங்கெல்லாம் ஆம்பளைங்க இல்ல?"

தோளில் இருவர், காலில் இருவர். இடுப்பு தொங்கத் தொங்கத் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கத்தினார்.

"யாருய்யா இப்படித் தூக்கினது? ஒரு பலகையில நேரா படுக்க வச்சிருந்தா காலாவது தப்பிச்சிருக்கும்!"

அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

ஒரு மாதம் கழித்து, அன்று தூக்கிப் போன நால்வரும் வீட்டுக்கு வந்தார்கள்.

"சிங்கம்யா! கடைசி வரைக்கும் வண்டியத் தொடலயே!" என்றார் மேஸ்திரி.

"ஆமாண்ணே. உங்க சிங்கத்துக்குக் கக்கூசுக்குப் போகணும். கொஞ்சம் தூக்கி விடுறீங்களா?"

ஒருவன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"அது வந்து... பொம்பளைங்க பாக்குற வேலையாச்சேம்மா," என்று மேஸ்திரி இழுத்தார்.

ரெட்டை மூட்டை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அதை எடுத்துட்டு வா," என்றான்.

கிடங்கில் கேட்டு வாங்கி வந்து வாசலில் நிறுத்தியிருந்ததை அவள் உள்ளே தள்ளினாள். வளையல் இன்னும் கைப்பிடியில் ஆடிக்கொண்டிருந்தது.

"காலை எடுங்கண்ணே," என்றாள். "பொம்பள வண்டி வருது."