மீசை வைத்த படம்

"பத்து மணிக்குள்ளை படம் வேணும் அன்ரி!" என்று கிளின்ரன் மோட்டார் சைக்கிள் எஞ்சினை நிற்பாட்டாமலேயே படலையில் நின்று கத்தினான். அவன் கலாமன்றச் செயலாளர். யாழ்ப்பாணம் போய் பனர் அடித்துக்கொண்டு பின்னேரத்துக்குள் நாரந்தனைக்குத் திரும்பவேண்டும். அன்று சில்வெஸ்ரரின் முதலாம் ஆண்டு நினைவு. முப்பது வருசம் அவர் உயிரைக் கொடுத்த மன்றம் கோயில் வளவில் கூத்துப் போடுகிறது.

"மன்றத்திலை படம் இல்லையோ தம்பி?" என்றாள் அவரின் மனைவி மாக்கிறேற்.

"நாப்பது கிடக்கு. எல்லாத்திலையும் அங்கிள் ராணி."

மாக்கிறேற்றுக்குச் சுருக்கென்றது. ஊருக்கு அவர் ராணி வேசக்காரர். ஆனால் அவள் குடும்பம் நடத்தியது, கடலால் வந்து முற்றத்தில் நின்று மீசை முறுக்குகிற மனிசனோடு. இன்றைக்கு ஊர் அந்த மனிசனைப் பார்க்கவேண்டும்.

"மீசையோடை ஒண்டு தாறன். நில்லும்."

அலுமாரி முழுவதும் கட்டிலில் கொட்டுண்டது. மகள் ஜொய்சி கலியாண அல்பத்தைப் பிரித்தாள். மாப்பிள்ளை மழமழவென்று நின்றார். ஜொய்சியின் ஞானஸ்நானப் படத்திலும் மீசை இல்லை. தவக்காலம் முடிந்தால்தான் கலியாணம் காட்சி; தவக்காலம் முடிந்தால்தான் கூத்தும். கமரா வந்த நேரமெல்லாம் ராணி வேசத்துக்காக மீசை போயிருந்தது. அடையாள அட்டையில் புருவமும் வழித்துக் கிடந்தது.

"அம்மா, இது அப்பாவோ, பெரியம்மாவோ?"

"வாயை மூடடி!" என்றவளுக்கே சிரிப்பு வெடித்தது.

ஜொய்சியின் போனில் ஒரு கடற்கரைப் படம் கிடந்தது. அதில் மீசை கட்டாயம் இருந்திருக்கும். பெரிய பாரை மீன் ஒன்றை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார்.

பத்தாகிவிட்டது. கிளின்ரன் உள்ளே வந்து தன் போனை நீட்டினான். "இதைத்தான் போடவேண்டி வரும் அன்ரி."

ஏசுவதற்காகத்தான் வாங்கினாள். கூத்துக்காரருக்கு இடியப்பம் அவித்தே முப்பது வருசம் குசினியில் போனது. ராணியை அவள் ஒருநாளும் கிட்டப் பார்த்ததில்லை. படத்தைப் பெருப்பித்தாள். சிவப்புச் சேலையின் கரையில் ஒரு பச்சை நூல் தையல். கலியாணத்தன்று மெழுகுதிரி பட்டுக் கருகிய இடத்தில் அவளே போட்ட தையல்!

"உது என்ரை கலியாணக் கூறையெல்லோ!"

கிளின்ரன் தலையைச் சொறிந்தான். "மன்றத்து வெல்வெட்டைக் கட்டமாட்டன் எண்டுவார். 'எனக்குத் தெரிஞ்ச ராணி ஒருத்திதான், அவவின்ரை சீலையோடைதான் ஏறுவன்' எண்டு அடம். உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு எங்களிட்டைச் சத்தியம் வாங்கினவர்."

"அதுதான் வருசா வருசம் கூறைப் பெட்டியைத் திறக்கப் பவுடர் மணத்தது! ஐயோ, நீதான் எடுத்துக் கட்டினனீ எண்டு உன்னையெல்லோ பேசினனான்!" என்று ஜொய்சியின் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். கண் நிறைந்து, சிரிப்பும் நிற்கவில்லை.

"சரி அன்ரி, எந்தப் படம்?"

"இதுதான். கால்வரைக்கும் தெரிய, பெரிசாய் அடியும். கரை வடிவாய் விழவேணும்."

"மீசை?"

"அது எனக்கு மட்டும் தெரிஞ்சால் காணும். ஓடும், நேரம் போகுது! இடியப்பத்துக்கும் வேறை ஆரையும் பாரும். இண்டைக்கு நான் முன்கதிரையிலை."

மோட்டார் சைக்கிள் படலை தாண்டுமுன்பே அவள் பெட்டியைத் திறந்துவிட்டாள். பவுடர் மணம் குப்பென்று வந்தது.

"ஜொய்சி, ஓடி வா. கொசுவத்தைப் பிடி."