சொல்தாவுக்கு என்ன வியாதி?

"கட்டிலுக்கு அடியில என்ன பண்றாரு உங்க நைனா?"

நிச்சயம் பேச வந்த தனக்கொடிதான் கேட்டாள். தெருவில் யாரோ ஒரு வெடி வைத்துவிட்டார்கள். உப்பளம் பகுதியிலிருந்த அந்த வீட்டின் ஒரே அறையில், விருந்தாளிகளின் காலருகே, கலியபெருமாள் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தார்.

மகள் அஞ்சலாட்சி அவரை மறைத்தாற்போல நகர்ந்து நின்றாள். "சைகோன் சண்டையில பக்கத்துல குண்டு வெடிச்சிது அத்தை. அதுலேர்ந்து சத்தம் ஆவாது."

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுச் சம்பந்தம் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தவள் தனக்கொடி. வியாதி அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. "இதுக்குன்னு தனி பென்ஷன் உண்டாமே?" என்றாள்.

"கேட்டோம். சண்டையால வந்ததில்லன்னு தள்ளிட்டாங்க."

"தள்ளுனா உட்டுடறதா? அப்பீல் போடுங்க. அது வந்தாத்தான் எம்புள்ள பலராமன் தாலி கட்டுவான். நாங்க சீரா கேட்ட ஸ்கூட்டருக்கு வேற எங்க போவீங்க?"

ஜாதகப் பொருத்தம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. ஊனப் பொருத்தம்தான் பாக்கி.

அப்பீல் போட்டார்கள். தனக்கொடி அடிக்கடி வந்து பாடம் நடத்தினாள். "டாக்டருங்க முன்னாடி நல்லா நடுங்கணும் அண்ணே. வெக்கப்படாதீங்க, பொண்ணு வாழ்க்கை."

இத்தனை வருஷமும் 'காது மந்தம்' என்று சொல்லி மறைத்து வந்த மனிதர், தலையாட்டினார்.

மருத்துவர் குழுவின் முன்னால் அவர் நடுங்கவே இல்லை. கூட்டாளி தேவதாஸ் தன் மடியில் செத்ததையும், அந்த ரத்தத்தின் சூடு இன்னும் கையைவிட்டுப் போகாததையும் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். கூடப் போன அஞ்சலாட்சிக்கே அது தெரியாது. திரும்பும் வழியெல்லாம் அந்தக் கையை அவள் விடவில்லை.

எழுபத்தொன்பது ஐப்பசியில் தீர்ப்பு வந்தது. ஜெயித்துவிட்டார்கள். தனக்கொடி மகனோடும் மைசூர்பாகு டப்பாவோடும் வந்து இறங்கினாள்.

"சண்டையால வந்த மனநோய்தான்னு ஒத்துக்கிட்டாங்க அத்தை. ஆயுசுக்கும் பென்ஷன்."

பாதி திறந்த டப்பா அப்படியே நின்றது.

"மனநோயா? பைத்தியமா? அது ரத்தத்துல வருமே! நாளைக்கு என் பேரப்புள்ளைங்க..." கொஞ்சம் யோசித்தாள். "ஏண்டி, பணத்த அப்படியே வெச்சிக்கிட்டு அந்த வார்த்தைய மட்டும் மாத்தச் சொல்லி இன்னொரு அப்பீல் போட முடியாதா?"

கலியபெருமாள் தடுமாறி எழுந்தார். "நா வேணா போயி, எனக்கு ஒண்ணுமில்ல, பொய் சொன்னேன்னு சொல்லிடறேம்மா."

"நீங்க உக்காருங்க நைனா." அஞ்சலாட்சி தனக்கொடியிடம் திரும்பினாள். "மாத்தலாம் அத்தை. வியாதி இல்லன்னு எழுதிக் குடுத்தா மனநோயும் போயிடும், பென்ஷனும் போயிடும். அப்ப உங்க புள்ள தாலி கட்டுவாரா?"

தனக்கொடி மகனைப் பார்த்தாள். பலராமன் வாசலைப் பார்த்தான்.

அஞ்சலாட்சி டப்பாவை மூடி அவள் கையிலேயே கொடுத்தாள்.

"பாத்து எறங்குங்க அத்தை. எங்க வாசப்படி கொஞ்சம் ஒசரம்."