அசையாமல் நின்றவள்

1

இந்தக் கதை ஒரு பல்லிலிருந்து பிறந்தது. போன நவம்பரில், கனடாவில் எங்கள் ஊர் மளிகைக் கடை வாசலில் ஏர் கேடட் என்னும் விமானப்படை மாணவர் அணியின் சீருடையில் ஒரு சிறுமி, போரில் இறந்தவர்களின் நினைவு நாளுக்கான சிவப்புக் காகிதப் பூத்தட்டோடு நின்றிருந்தாள். அவள் வயதுள்ள இன்னொருத்தி பூ எடுக்காமல், தலையைக் குனிந்தபடி கடைக்குள் நுழைந்தாள். உள்ளே என்னைப் பார்த்துச் சிரித்தபோது கவனித்தேன்: முன்பல் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெள்ளை, கட்டிய பல் போல. நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியை நானே இட்டுக்கட்டினேன். பூத்தட்டுக்காரிக்கு மார்னி என்றும், பல்காரிக்கு ஒக்ஸானா என்றும் பெயர் வைத்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சஸ்காட்சுவானில் வானம் தரையைவிடப் பெரியது. அந்த வானத்தில்—’

வேண்டாம். வானத்துக்குள் போனால் நான் இறங்க மாட்டேன்.

ஒக்ஸானாவுக்குப் பறக்கும் பைத்தியம். மார்னியோ ஏணியில் இரண்டாம் படிக்கு மேல் ஏற மாட்டாள்.

“ஏர் கேடட்ல சேர்ந்தா கிளைடர்ல ஏத்துவாங்கடி! எஞ்சினே கிடையாது!”

“எஞ்சின் இல்லாததுல ஏறணுமா? நீ போ, நான் கீழேருந்து கையாட்டுறேன்.”

“நீ வரலைன்னா நானும் போகல.”

மார்னி சேர்ந்தாள்.

3

பள்ளி விளையாட்டுக் கூடத்தில் அணிவகுப்பு. சார்ஜெண்டுக்கு வயது பதினாறு.

“அசையக் கூடாது! மூக்குல ஈ உக்காந்தா அது ஈயோட கவலை!”

(மயக்கம் வந்தால் மண்டியிடலாம், பக்கத்தில் நிற்பவர் பிடிக்கலாம் என்றும் அவன் சொன்னான். புதிதாகச் சேர்ந்தவர்கள் காதில் முதல் பாதிதான் ஏறும்.)

பெற்றோர் பார்க்க வந்த மாலை. ஒக்ஸானா முழங்காலை இரும்பாக இறுக்கிக்கொண்டு நின்றாள்.

“மார்னி... என்னமோ பண்ணுதுடி.”

“பேசாதடி, திட்டு விழும்.”

ஓரக்கண்ணில் ஒக்ஸானா தள்ளாடுவது தெரிந்தது. மார்னியின் கைக்கும் அவள் தோளுக்கும் ஒரு சாண். மார்னி நேரே பார்த்தாள். பிறகு மரத்தரையில் சத்தம். ரத்தம். ஒரு துண்டுப் பல்.

சார்ஜெண்ட் ஓடி வந்தான். “பக்கத்துலதானே நின்ன? பிடிச்சிருக்கலாம்ல?”

“அசையக் கூடாதுன்னீங்களே, சார்ஜெண்ட்.”

அப்போதும் அவள் விறைப்பாகத்தான் நின்றாள்.

4

ஒக்ஸானா அணிக்குத் திரும்ப வரவில்லை. மார்னி அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, ஒக்ஸானா வாயைக் கையால் மூடிக்கொண்டு, “நீ நல்லாத்தான் நின்ன” என்றாள். அதன் பிறகு தானும் அணியிலிருந்து விலகினால், அன்று அசையாமல் நின்றதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும் என்று மார்னிக்குத் தோன்றியது*. வசந்தத்தில் மார்னியைக் கிளைடரில் ஏற்றினார்கள். இழுவைக் கயிறு கழன்றதும் காற்றின் சத்தம் மட்டும். அவள் ஒக்ஸானா வீட்டுக் கூரையைத் தேடினாள்.

“பயமா இருக்காம்மா?” என்றார் விமானி.

“இல்ல சார். இது வேற ஒருத்தி உக்கார வேண்டிய சீட்.”

* இந்தக் காரணம் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. வேறொன்றும் கிடைக்கவில்லை.

5

நான் எழுதிப்பார்த்த ஒரு முடிவில் ஒக்ஸானா மார்னியின் தட்டிலிருந்து பூவை எடுத்துக்கொள்கிறாள். இன்னொன்றில் மறுபடி அணியில் வந்து— பொய்.

பிறகு மூன்றாம் பகுதிக்கே திரும்பி, மார்னியின் கையை நீட்டவைத்துப் பார்த்தேன். கை நீண்டால் பல் உடையாது. பல் உடையாவிட்டால் எனக்குக் கதை இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன். ஒரு கதைக்காக அந்தக் குழந்தையை இரண்டாம் முறையும் விழவிட்டேன்.

இப்போது ஒக்ஸானா மளிகைக் கடையிலிருந்து பையோடு வெளியே வருகிறாள். மார்னி தட்டைப் பிடித்தபடி நேரே பார்க்கிறாள். இருவருக்கும் இடையில் மறுபடி ஒரு சாண்.

அசையலாம் என்று யாராவது மார்னியிடம் சொல்ல வேண்டும். நிற்கவைத்தவன் நான், என் குரலை அவள் நம்ப மாட்டாள்.

கடைக் கதவு மூடப்போகிறது. நீங்கள் சொல்லுங்கள்.